மேல்காதில் குத்தினால் சோணையைப் போல ஆறாது

கேள்வி: எனக்கு 25 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன், கோட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை. காதின் மேல் விளிம்பில் ஒரு தோடு குத்த ஆசை. பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு பியர்சிங் ஸ்டூடியோவில் விசாரித்தேன். ஊசியால்தான் குத்துவோம் என்கிறார்கள், காசும் கூட. "செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கன்னால ஒரு நிமிசத்தில குத்திவிடுவினம், கையோட தங்கத் தோடும் போடலாம்" என்கிறார் அம்மா. அப்பாவுக்கு பிசிஜி ஊசி போட்ட இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்திருக்கிறது, அதுவும் கொஞ்சம் யோசனை. நாலு மாதத்தில் அக்காவின் கல்யாணம். குத்தலாமா, எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: குத்தலாம். ஆனால் கன்னால், அதாவது காது குத்தும் துப்பாக்கியால், வேண்டாம். அம்மா சொல்வது சோணைக்கு, அதாவது காதின் கீழ்த் தொங்கும் மடலுக்கு, ஓரளவு பொருந்தலாம், மேல்காதுக்குப் பொருந்தாது.

சோணையில் இருப்பது தோலும் கொழுப்பும்தான். இரத்த ஓட்டம் நல்லது, ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும். மேல்காதுக்குள் இருப்பது கசியிழையம், அதாவது குருத்தெலும்பு. அதற்குச் சொந்தமாக இரத்தக் குழாய் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் அதற்குச் சத்து கசிந்து போகிறது. அங்கே கிருமி புகுந்து சீழ் கட்டினால் உறை கசியிழையத்தை விட்டுப் பிரிந்துவிடும். சத்து நின்றால் கசியிழையம் செத்துப்போகும், செத்தது திரும்ப வளராது. காது சுருங்கிக் கோணலாகிவிட்டால் பிளாஸ்டிக் சர்ஜரி செய்பவருக்கும் அதைப் பழையபடி கொண்டுவருவது கஷ்டமான வேலை. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஆகிவிட்டால் விலை பெரிது.

கன் என்ன செய்கிறது? மொட்டையான தோட்டு முனையை விசையால் காதுக்குள் அறைகிறது. மேல்காதில் அந்த அடியில் கசியிழையம் வெடிக்கலாம், நசுங்கலாம். அதோடு, பல கன்களின் உடல் பிளாஸ்டிக். அதை ஓட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் கருவியில், வைக்க முடியாது, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்தவர் காதில் வைப்பார்கள். பின்பக்கப் பூட்டும் இறுக்கமாக உட்காரும். காது வீங்கும்போது இடம் இல்லாமல் தோடு சதைக்குள் புதைந்துபோவதும் உண்டு. உள்ளே துளையுள்ள, ஒரு தடவை மட்டும் பாவிக்கும் ஊசியில் இந்தச் சிக்கல்கள் குறைவு.

சரி, ஸ்டூடியோ என்று பெயர்ப்பலகை இருந்தால் போதுமா? போதாது. போய் நில்லுங்கள், கேளுங்கள். ஊசியின் பாக்கெட்டை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். கையுறை புதிதாக இருக்க வேண்டும். போடப்போகும் தோடு ஓட்டோகிளேவில் வைத்ததா என்று கேளுங்கள். அழுத்தத்தோடு கூடிய 121 பாகை நீராவியில் 15 நிமிடமாவது இருந்திருக்க வேண்டும். வெந்நீரில் போட்டு எடுத்தோம் என்றால் அது கணக்கில்லை, கொதிநீரில் சாகாத கிருமி வித்துகள் இருக்கின்றன. இத்தனை கேள்வியா என்று முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். கொழும்பில் வேறு இடம் இல்லாமல் போகாது.

முதல் தோடு உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டேனியமாக இருப்பது நல்லது. பின்பக்கம் தட்டையாகவும், வீக்கத்துக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நீளமாகவும் இருக்கட்டும். வீக்கம் வற்றிய பிறகு, நாலு முதல் எட்டு வாரத்துக்குள், அதே இடத்தில் போய்க் குட்டையான தண்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நீளத் தண்டை அப்படியே விட்டால் அது ஆடி ஆடித் துளை சரிந்துவிடும். 22 கரட் தங்கத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அது மென்மையானது, கீறல் விழும். சுரை வைத்த தோட்டின் மரைகளில் அழுக்கும் தங்கும். ஆறிய பிறகு போடுங்கள். கவரிங், வெள்ளி, நிக்கல் கலந்தவை அறவே வேண்டாம்.

அப்பாவின் தழும்பு விசயம் முக்கியமானது. அது கீலொயிட் என்று நினைக்கிறேன். குடும்பத்தில் வரும், நம்மைப் போன்ற நிறமுள்ள தோலில் கூடுதலாக வரும். உங்கள் கையிலும் பிசிஜி தழும்பு இருக்குமே, அதைப் பாருங்கள். சின்ன வயதில் குத்திய சோணைகளையும் தடவிப் பாருங்கள். இரண்டும் தட்டையாக இருந்தால் ஓரளவு தைரியமாகக் குத்தலாம். உங்களுக்கே எங்காவது தழும்பு காயத்தை மீறி வளர்ந்திருந்தால், மேல்காதை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். கீலொயிட்டை வெட்டி மட்டும் எடுத்தால் பலருக்குத் திரும்ப வளரும். ஸ்டீரொயிட் ஊசி, மாதக்கணக்கில் கிளினிக் என்று அலைய வேண்டும். குத்திச் சில வாரத்தில் துளையோரம் வரும் சின்னச் சிவப்புக் கட்டி கீலொயிட் அல்ல. அது பெரும்பாலும் உரசலால் வருவது, உரசலை நிறுத்தினால் வற்றிவிடும்.

கல்யாணத்துக்கு முன்பா, பின்பா? என்னைக் கேட்டால் பின்பு. மேல்காது முழுதாக ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். இப்போது குத்தினால் கல்யாணத்தன்று பாதிதான் ஆறியிருக்கும். அன்றைக்குப் பார்த்துத்தான் தலையலங்காரம், ஹெயார் ஸ்பிரே, மாட்டல் சங்கிலி எல்லாம் அந்த இடத்தில் வந்து சிக்கும்.

பராமரிப்பு எளிது. கைகழுவிவிட்டு, பார்மசியில் கிடைக்கும் 0.9 சதவீத நோர்மல் சலைனை ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஊற்றி அல்லது துணித்துண்டால் ஒற்றிக் கழுவுங்கள். காய்ந்த பொருக்கை ஊறவிட்டு எடுங்கள், நகத்தால் கிள்ள வேண்டாம். தோட்டைச் சுழற்ற வேண்டாம். மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பங்குச்சி, டெட்டோல், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெரொக்சைட் எதுவும் வேண்டாம். அம்மம்மா கோபிப்பார், பரவாயில்லை. அந்தப் பக்கம் சரிந்து படுக்காதீர்கள், பிரயாணத் தலையணையின் ஓட்டையில் காதை விட்டுப் படுக்கலாம். ஹெட்செட்டை மறுகாதில் போடுங்கள். மோட்டார் சைக்கிளில் வாடகைக்குப் போகிறவர் என்றால் கவனம். பத்துப் பேர் போட்ட ஹெல்மட் காதை அழுத்துவதும், அதன் பஞ்சில் இருக்கும் வியர்வையும் நல்லதல்ல. கடலும் நீச்சல் குளமும் ஆறும் வரைக்கும் வேண்டாம், அதிலும் வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் பக்கம் போகவே வேண்டாம்.

முதல் சில நாள் சிவப்பு, லேசான சூடு, விண்விண்ணென்ற வலி, வெளிறிய நீர் கசிந்து காய்வது எல்லாம் வழமை. வலித்தால் பனடோல் போதும். ஆனால் வலி குறைந்து வந்து திரும்பக் கூடினால், மேல்காது முழுதும் சிவந்து வீங்கிச் சோணை மட்டும் தப்பி நின்றால், காய்ச்சலோ சீழோ வந்தால், அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். உங்களுக்குக் கிட்ட களுபோவிலையில் கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை இருக்கிறது. இந்தத் தொற்றை அதிகமாக உண்டாக்குவது சூடோமோனாஸ் என்ற, ஈரத்தில் வாழும் கிருமி. பார்மசியில் கேட்டு வாங்கும் அமொக்சிசிலின் அதைத் தொடாது. அதை விழுங்கிக்கொண்டு மூன்று நாள் பார்க்கலாம் என்று இருப்பதில்தான் காது போகிறது. இதற்கு சிப்ரோபுளொக்சசின் போன்ற வேறு மருந்து தேவைப்படும், சீழ் கட்டியிருந்தால் கீறி வெளியேற்ற வேண்டும். தோட்டை நீங்களாகக் கழற்ற வேண்டாம், துளை மூடிச் சீழ் உள்ளே அடைபடலாம். கழற்றுவதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

நீரிழிவு, இதய வால்வு நோய், இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, கர்ப்பம், இதில் ஏதாவது இருந்தால் முதலில் உங்கள் வைத்தியரைக் கேளுங்கள்.

இன்னொன்று, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. இலங்கையில் குழந்தைகளுக்கான அட்டவணையில் அது 2003இல்தான் சேர்ந்தது, அதற்கு முன் பிறந்த உங்களுக்குப் போட்டிருக்க வாய்ப்புக் குறைவு. மூன்று ஊசி: முதலாவது, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதலாவதிலிருந்து ஆறாம் மாதத்தில் மூன்றாவது. கல்யாணம் முடியும் வரை பொறுப்பதென்றால் முதல் இரண்டையும் அதற்குள் போட்டுக்கொள்ளலாம். ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் அப்போதே வைத்தியரிடம் சொல்லுங்கள்.