தொங்கான் இல்லாத ஆறு – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் மகனைப் பார்க்க சிங்கப்பூர் போயிருந்தேன். ஆற்றில் படகுச் சவாரி, இரு கரையிலும் உணவகங்கள், விளக்குகள். அழகுதான். ஆனால் வரலாறு என்று ஒன்றுமே தட்டுப்படவில்லை. துடைத்து வைத்த ஊர் போலிருந்தது. குறை என் பார்வையிலா?

ம., கோவை

அன்புள்ள ம.,

துடைத்தார்கள் என்பது உண்மை. 1977ல் சிங்கப்பூர் ஆறு ஒரு சாக்கடை. பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, குடிசைகள், தெருக்கடைகள், எல்லாவற்றின் கழிவும் ஆற்றில்தான். பத்தாண்டுகளில் அதில் மீன் பிடிக்க முடியவேண்டும் என்றார் பிரதமர் லீ குவான் யூ. தூர் வாரியதோடு நிற்கவில்லை, கழிவு புறப்படும் இடத்துக்கே போனார்கள். குடிசைவாசிகளுக்கு அடுக்குமாடி வீடு, தெருக்கடைக்காரர்களுக்கு உணவங்காடி. 1987ல் ஆறு தெளிந்துவிட்டது. நொய்யல் ஓடும் ஊரிலிருந்து எழுதுகிறீர்கள், இதன் அருமை உங்களுக்குத் தெரியும்.

ஆனால் அழுக்கோடு ஒரு வாழ்க்கையும் போயிற்று. கடலில் நின்ற கப்பல்களிலிருந்து சரக்கைக் கரைசேர்த்தவை தொங்கான்கள் என்ற படகுகள். தொடக்க காலத்தில் அவற்றைச் செலுத்தியவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள். பிறகு அத்தொழில் சீனர் கைக்கு மாறியது. 1983ல் அந்தப் படகுகள் ஆற்றைவிட்டு, தீவின் தென்மேற்குக் கரையில் உள்ள பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. ஆறு அன்றுதான் மௌனமானது என்று எனக்குத் தோன்றும்.

அடுத்தமுறை படகில் ஏறாதீர்கள், விடியலில் நடந்து பாருங்கள். 1869ல் கட்டிய கேவனா பாலத்தில் தொடங்கலாம். மாடும் குதிரையும் ஏறக்கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகை இன்னும் நிற்கிறது. பாலம் மிகத் தாழ்வு. கடல் ஏற்றத்தில் ஆற்றுநீர் உயரும்போது தொங்கான்கள் அடியில் நுழைய முடியாமல் நீர் வடியக் காத்துக்கிடக்கும். அங்கிருந்து படகுத்துறைக்குப் பின்புறம் போனால் சூலியா தெரு. அருகே மார்க்கெட் தெரு. நம்மவர் வாயில் அது செட்டித் தெரு. கிட்டங்கி என்ற ஒரே கடைக்கூடத்தில் பல செட்டியார்கள் ஆளுக்கொரு பெட்டியும் பேரேடுமாக உட்கார்ந்து வட்டித்தொழில் செய்த இடம். கிட்டங்கிகள் இப்போது இல்லை. ஆற்றோரம் ஒரு செட்டியார் மட்டும் வெண்கலத்தில் இருக்கிறார். நான் அவர் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன்.

இன்னொன்று. துடைப்பது அங்கே 1977ல் தொடங்கவில்லை. ஆற்றின் முகத்துவாரத்தில் ஆளுயரத்தை மிஞ்சிய ஒரு கல்வெட்டுப் பாறை இருந்தது. 1843ல் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன் ஒரு துண்டு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த எழுத்துகளை இன்னும் யாரும் படித்து முடிக்கவில்லை. மகனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.