86,48,237 ரூபாய் 13 பங்காகப் பிரியாதா?

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டை விற்றதில் தரகு, செலவு எல்லாம் போக 86,48,237 ரூபாய் பொதுக் கணக்கில் இருக்கிறது. பங்காளிகள் 13 பேருக்கும் சமபங்கு. தரகரோ, “இது பகா எண், எதாலும் வகுபடாது. ஆளுக்கு 6,60,000 எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை நான் செலவில் சேர்த்துக்கொள்கிறேன்” என்கிறார். சரிதானா?

பதில்: சரியில்லை ஆச்சி. அந்த மிச்சம் 68,237 ரூபாய்! எண் எவ்வளவு பெரிதானாலும், 13-ஆல் வகுத்தால் மீதி 12 ரூபாயைத் தாண்டவே தாண்டாது. பகா எண்ணாகவே இருந்தாலும் அப்படித்தான். இதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இது பகா எண்ணும் அல்ல. தரகர் 2, 3, 5, 7, 11 வரை போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தியிருப்பார். இவ்வளவு பெரிய எண்ணைப் பகா எண் என்று சொல்ல 2940 வரை உள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். 13-லேயே குட்டு உடைந்துவிடுகிறது.

7 × 11 × 13 = 1001. இது 1000-ஐவிட ஒன்றே ஒன்று கூட. அதனால், 7, 11, 13 மூன்றுக்கும் ஒரே சோதனைதான்: எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டி, வரும் விடை வகுபடுகிறதா என்று பார்த்தால் போதும்: 237 − 648 + 8 = −403. 403 என்பது 13 × 31. ஆகவே முழுத் தொகையும் 13-ஆல் மீதியின்றி வகுபடும். ஆளுக்கு 6,65,249 ரூபாய்.

இதில் பலர் சறுக்குவது நம் லட்சக் காற்புள்ளியில். பாஸ்புக்கில் அச்சிட்டபடியே 86, 48, 237 என்று வெட்டினால் 237 − 48 + 86 = 275 வரும். அது 13-ஆல் வகுபடாது. போதாக்குறைக்கு 11-ஆல் வகுபடும் என்று பொய்யும் சொல்லும். பள்ளியில் 3-க்கும் 9-க்கும் விதி சொல்லிக் கொடுத்துவிட்டு 13-ஐ அம்போவென்று விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் வளர்ந்து இப்படித் தரகரிடம் மாட்டுகிறார்கள்.

ஒரே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். பங்காளி ஒருவர் காலமாகி, அவர் பங்கு மூன்று பிள்ளைகளுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். “இப்போது 15 பேர்” என்று மொத்தத்தை 15-ஆல் வகுத்துவிடாதீர்கள். மற்ற பன்னிரண்டு பேருக்கும் தலைக்கு 88,700 ரூபாய் குறைந்துவிடும். முதலில் 13. அப்புறம் அந்த ஒரு பங்கை மட்டும் மூன்றாக்குங்கள். 6,65,249-ன் இலக்கங்களைக் கூட்டினால் 32, மூன்றால் வகுபடாது. பிள்ளைக்கு 2,21,749, மீதி 2 ரூபாய். யார் யாருக்கு எத்தனை பங்கு என்பதை மட்டும் வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

“ரவுண்டாகப் போட்டால்தான் பேங்கில் எடுப்பார்கள்” என்றும் சொல்வார்கள். நம்பாதீர்கள், காசோலையிலும் கணக்கு மாற்றிலும் பைசா வரை எழுதலாம். தரகு கொடுத்து முடித்தாகிவிட்டதல்லவா? இனி அவர் செலவு என்று எதைச் சொன்னாலும் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை வெற்றுக் காசோலையில் பங்காளிகள் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.