மூன்று வசனமும் இரண்டு சொல்லும்

கேள்வி: 2008இல் இடம்பெயர்ந்தபோது நான் தரம் 10இல் படித்துக்கொண்டிருந்தேன். அத்தோடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது தரம் 4 படிக்கும் மகளோடு உட்கார்ந்து ஆங்கிலம் படிக்கிறேன். சின்னச் சின்ன வசனங்கள் எழுத வருகிறது. சேர்த்து எழுதத்தான் தெரியவில்லை. ‘ஐ வென்ட் டு த மார்க்கெட். த பஸ் வாஸ் லேட். ஐ வாக்ட் ஹோம்.’ இப்படித் துண்டு துண்டாகவே நிற்கிறது. என்ன செய்யலாம், அக்கா?
- வாசகி, கிளிநொச்சி

பதில்: அன்புத் தங்கைக்கு,

நீங்கள் எழுதிய மூன்று வசனத்திலும் ஒரு பிழை இல்லை. வென்ட், வாஸ், வாக்ட் என்று மூன்று வினையும் இறந்தகாலத்தில் சரியாக இருக்கின்றன. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை இழந்த ஒருவர் எழுதியது இது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இதற்குள் இரண்டு சொல்லை மட்டும் வைத்துப் பாருங்கள்: ‘ஐ வென்ட் டு த மார்க்கெட், பட் த பஸ் வாஸ் லேட், ஸோ ஐ வாக்ட் ஹோம்.’ சந்தைக்குப் போனேன், ஆனால் பஸ் பிந்திவிட்டது, அதனால் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

தமிழில் இணைப்பு பெரும்பாலும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். கத்தரிக்காயும் தக்காளியும் மிளகாயும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ‘உம்’ போடுகிறோம். போடுகிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் அதற்குத் தனிச்சொல் உண்டு. வழக்கமாக அது ஒரே தடவை, கடைசிப் பொருளுக்கு முன்னால் வரும்: பிரிஞ்சால்ஸ், டொமாட்டோஸ் அன்ட் சில்லீஸ். ‘பஸ்ஸிலோ சைக்கிளிலோ’ என்பதற்கும் நடுவில் ‘ஓர்’ (or) என்ற ஆங்கிலச் சொல் ஒன்று போதும்.

வினைச்சொல்லில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘எழும்பி, முற்றம் கூட்டி, தேநீர் போட்டேன்’ என்பதில் கடைசி வினை மட்டுமே காலம் காட்டுகிறது. ஆங்கிலத்தில் மூன்றும் காட்ட வேண்டும்: ‘ஐ கொட் அப், ஸ்வெப்ட் த யார்ட் அன்ட் மேட் டீ.’

‘மழை பெய்ததால்’ என்பதில் காரணத்தைச் சொல்லும் ‘ஆல்’ கடைசியில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் ‘ரெய்ன் பிகோஸ்’ என்று எழுதிவிடுகிறோம். பிகோஸ் காரணத்துக்கு முன்னால் நிற்கும் சொல்: ‘வீ டிட் நாட் கோ டு த ஃபீல்ட் பிகோஸ் இட் ரெய்ன்ட்.’ இதையே திருப்பி, மழையை முதலில் சொன்னால் ஸோ வரும்: ‘இட் ரெய்ன்ட், ஸோ வீ டிட் நாட் கோ.’ ஒரே காரணத்துக்கும் விளைவுக்கும் இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம்; ஒன்று வந்தால் மற்றது தேவையில்லை.

பட் என்று வசனத்தைத் தொடங்கக் கூடாது என யாராவது சொல்லக்கூடும். நல்ல எழுத்தாளர்களே அப்படித் தொடங்குகிறார்கள். அதற்காக நீங்கள் பயந்து பேனையை வைத்துவிடக் கூடாது.

மகளின் பழைய கொப்பி ஒன்றில் தினமும் அன்று நடந்ததைத் தமிழில் ஒரு வசனமாக எழுதுங்கள். உம், ஓ, ஆல், ஆனால் எங்கே வருகிறது என்று அவளைக் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு இருவரும் அதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கும் நாளில் நான்கு வரி எழுதி எனக்கு அனுப்புங்கள். திறந்தார்கள், தண்ணீர் பாய்ந்தது, நாங்கள் பார்க்கப் போனோம், ஆனால் கிட்டப் போகவில்லை. பட், ஸோ, அன்ட், பிகோஸ் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது.