வரி போய்விட்டது, பதிவு போகவில்லை: குட்டைக் குழல் ரைஃபிளுக்கு என்ன செய்ய வேண்டும்?

டாலஸுக்கு வடக்கே வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "கிரீன் கார்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. போன வருடம் 16 அங்குலக் குழல் உள்ள ஏஆர்-15 ஒன்று வாங்கினேன். நண்பரின் பண்ணையில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவோம். வண்டிக்குள்ளும் வேட்டைப் பரணிலும் அதைத் திருப்ப இடம் போதவில்லை. 11.5 அங்குலக் குழலோடு வரும் மேல்பகுதி (அப்பர்) ஒன்று வாங்கி மாட்டலாம் என்று நினைக்கிறேன். டெக்சாஸில் சட்டம் மாறிவிட்டது, வரியும் எடுத்துவிட்டார்கள், நேராக மாட்டிக்கொள் என்கிறார் நண்பர். பதிவு செய்யாமல் தொடாதே என்கிறார் கடைக்காரர். யார் சொல்வது சரி? என் மனைவியும் அதைப் பயன்படுத்தலாமா? ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோகலாமா?"

கடைக்காரர் சொல்வதுதான் சரி. நண்பர் பொய் சொல்லவில்லை. அவர் கேள்விப்பட்ட இரண்டு செய்தியும் உண்மை. ஆனால் இரண்டையும் கூட்டிப் போட்ட கணக்கு தப்பு.

முதல் செய்தி மாநிலத்தைப் பற்றியது. டெக்சாஸ் தன் குற்றச் சட்டத்தில் வைத்திருந்த தடை ஆயுதப் பட்டியலிலிருந்து குட்டைக் குழல் துப்பாக்கிகளை 2025 செப்டம்பர் 1 முதல் நீக்கிவிட்டது. அதனால், குட்டைக் குழல் ரைஃபிளைப் பதிவு செய்யச் சொல்லும் ஃபெடரல் (மத்திய அரசு) சட்டம் நீங்கிவிடாது. இரண்டாவது செய்தி வரியைப் பற்றியது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டம், குட்டைக் குழல் ரைஃபிள், குட்டைக் குழல் ஷாட்கன், சப்ரெசர் (ஒலி குறைப்பான்) ஆகியவற்றுக்கு இருந்த 200 டாலர் வரியை 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாக்கியது. மெஷின் கன்னுக்கு 200 டாலர் அப்படியே இருக்கிறது. ஆனால் பூஜ்யமானது கட்டணம் மட்டும்தான். விண்ணப்பம், கைரேகை, ஒப்புதல், பதிவேடு எதுவும் போகவில்லை. வரியே இல்லாதபோது, வரிக்காக எழுதிய 1934 சட்டத்தின் பெயரில் பதிவு எதற்கு என்று கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அந்த வழக்குகளை நம்பி நீங்கள் அப்பரை மாட்டக்கூடாது. பதிவில்லாத குட்டைக் குழல் ரைஃபிளை வைத்திருந்தால் பத்து ஆண்டு வரை சிறை. அது ஃெலனி என்ற கடும் குற்றம். அதோடு துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையே போகும். உங்களைப் போல இன்னும் குடியுரிமை பெறாதவர்களுக்குக் கிரீன் கார்டுக்கும் ஆபத்து.

ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் பதிவு வேண்டும் என்ற இந்த எல்லை எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள். இந்தப் பதிவைக் கொண்டுவந்த தேசிய ஆயுதச் சட்டத்தை 1934-ல் எழுதியபோது முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. கைத்துப்பாக்கியைக் கட்டுப்படுத்தினால் ஆட்கள் ரைஃபிளையும் ஷாட்கன்னையும் அறுத்து கோட்டுக்குள் மறைத்துக்கொள்வார்கள் என்று, அறுத்த துப்பாக்கிகளையும் சேர்த்தார்கள். பிறகு எதிர்ப்பு கிளம்பி, கைத்துப்பாக்கியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குக் காவலாகப் போட்ட பிரிவை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. வீட்டை இடித்தபிறகும் வேலி மட்டும் நிற்கிறது. அன்றைய 200 டாலர் இன்றைய மதிப்பில் நாலாயிரத்துக்கும் மேல். வரி என்ற பெயரில் தடை. அந்தத் தொகையைத் தொண்ணூறு ஆண்டுகளாக ஏற்றவே இல்லை என்பது வேறு வேடிக்கை. முதலில் ரைஃபிளுக்கும் 18 அங்குலம்தான் எல்லை. 1960-ல் ரைஃபிளுக்கு மட்டும் 16 ஆக்கினார்கள். ஷாட்கன்னுக்கு இன்றும் 18.

ஆகவே சட்டத்தின் கணக்கு இதுதான்: தோள்கட்டை வைத்த ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, ரைஃபிளிலிருந்து செய்த ஆயுதத்தின் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ அது எஸ்பிஆர், அதாவது குட்டைக் குழல் ரைஃபிள். குழலை அளப்பது எப்படி? துப்பாக்கி காலி என்று உறுதி செய்து, போல்ட்டை மூடி, குழல் வாய் வழியாக ஒரு மரக்குச்சியை விட்டு, போல்ட் முகத்தில் முட்டும் இடம்வரை அளக்க வேண்டும். திருகிக் கழற்றக்கூடிய ஃபிளாஷ் ஹைடர் (சுடும்போது வரும் தீயொளியை மறைக்கக் குழல் முனையில் மாட்டும் பாகம்) கணக்கில் சேராது. கழற்ற முடியாதபடி ஊசி அடித்து வெல்ட் செய்திருந்தால் சேரும். 14.5 அங்குலக் குழலில் இப்படி ஒன்றை வெல்ட் செய்து 16-ஐ எட்டவைக்கும் வழக்கம் உண்டு. 16 அங்குலக் குழலும் அதன் முனை ஃபிளாஷ் ஹைடரும் சேர்ந்ததைவிட இப்படி ஒன்றரை அங்குலம் குறைந்தால் பன்றி வேட்டைக்குப் போதுமா என்று ஒருமுறை யோசியுங்கள். போதுமென்றால் இந்தக் கட்டுரையின் மிச்சம் உங்களுக்குத் தேவையே இல்லை.

இன்னொரு குறுக்கு வழியையும் உங்களுக்கு யாராவது சொல்வார்கள்: தோள்கட்டையைக் கழற்றிவிட்டு பிரேஸ் (முன்கையில் கட்டிக்கொள்ளும் பிடிமானம்) மாட்டு, அது பிஸ்டல் ஆகிவிடும் என்று. பிரேஸ் விவகாரம் பெரிய கதை. 2023 ஜனவரியில் ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பு) ஒரு விதி கொண்டுவந்து பிரேஸ் வைத்த பெரும்பாலான பிஸ்டல்களை எஸ்பிஆர் என்றது. 2024 ஜூனில் டெக்சாஸ் ஃபெடரல் நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்தது. ஆனால் உங்கள் விஷயத்தில் அந்தத் தீர்ப்பு உதவாது. பிஸ்டலாகப் பிறந்த ரிசீவரை (வரிசை எண் பதிந்த உடல்பகுதியை) ரைஃபிளாக்கி மறுபடி பிஸ்டலாக்கலாம் என்று ஏடிஎஃப் 2011-லேயே சொல்லிவிட்டது. ரைஃபிளாகப் பிறந்ததைப் பிஸ்டலாக்க முடியாது. அது "ரைஃபிளிலிருந்து செய்த ஆயுதம்" ஆகிவிடும். உங்களுடையது கடையிலிருந்து வந்தபோதே ரைஃபிள்.

சரி, பதிவுக்கு வருவோம். நம் ஊரில் துப்பாக்கி என்றாலே கலெக்டர் ஆபீஸ் லைசென்ஸ். அமெரிக்காவில் சாதாரண ரைஃபிளுக்கு ஃபெடரல் பதிவே கிடையாது. அப்படியொரு பதிவேட்டை உருவாக்கக்கூடாது என்று 1986-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அதற்கு விதிவிலக்கு 1934 சட்டத்தின் பட்டியலில் இருப்பவை. அவற்றை மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கில் இருக்கும் ஏடிஎஃப் பிரிவு பதிவு செய்கிறது.

வழி இரண்டு. ஆலையிலேயே எஸ்பிஆராகச் செய்ததைக் கடையில் வாங்கினால் ஃபார்ம் 4; ஒப்புதல் வரும்வரை துப்பாக்கி கடைக்காரரிடமே இருக்கும். கையில் இருக்கும் ரைஃபிளை நீங்களே மாற்றினால் ஃபார்ம் 1. உங்களுக்கு இரண்டாவது. சட்டத்தின் கண்ணில் அப்போது நீங்கள் வாங்குபவர் அல்ல, செய்பவர். எனவே செய்வதற்கு முன்னால் அனுமதி வேண்டும். முழு விஷயமும் இந்த வரிசையில்தான் இருக்கிறது: முதலில் காகிதம், அப்புறம் குழல்.

ஏடிஎஃப்பின் இணையவாசலில் கணக்குத் திறந்து ஃபார்ம் 1-ஐ நிரப்புங்கள். ரிசீவரைச் செய்த நிறுவனத்தின் பெயர், மாடல், அதில் ஏற்கெனவே உள்ள வரிசை எண் ஆகியவற்றைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். புது எண் கற்பனை செய்ய வேண்டாம். குழல் நீளம், மொத்த நீளம் இரண்டும் மாற்றியபின் இருக்கப்போகும் அளவு. மடக்கும் அல்லது நீட்டும் தோள்கட்டையானால் முழுக்க நீட்டிய நிலையில் கணக்கிடுங்கள். ஏன் செய்கிறீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் கதை எழுதாதீர்கள். "சட்டத்துக்குட்பட்ட எல்லாப் பயன்பாட்டுக்கும்" என்ற பொருளில் எல்லோரும் ஒரே வாசகத்தைத்தான் எழுதுகிறார்கள்.

பெயர் விஷயத்தில் நம் ஆட்கள் தடுக்கி விழுவது அதிகம். இனிஷியல் விரிந்து அப்பா பெயர் கடைசிப் பெயராகி, டிரைவிங் லைசென்ஸில் ஒரு மாதிரி, கிரீன் கார்டில் ஒரு மாதிரி இருக்கும். விண்ணப்பம், கைரேகை அட்டை, கிரீன் கார்டு மூன்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து இருக்கட்டும். குடியுரிமை இல்லாதவர் ஏலியன் எண்ணையும் எந்த நாட்டுக் குடிமகன் என்பதையும் எழுத வேண்டும். நிரந்தரவாசிக்கு இதில் தடை இல்லை. எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற விசாவில் இருப்பவர் மட்டும் பொதுவாகத் துப்பாக்கியே வைத்திருக்கக்கூடாது. வேட்டை உரிமம் பெற்றவருக்கு ஒரு விலக்கு உண்டு. அதை நம்பி இந்த வகை ஆயுதத்துக்குள் இறங்காதீர்கள் என்பது என் கருத்து. படிவத்தில் வரும் கஞ்சா பற்றிய கேள்விக்கும் உண்மையான பதில் வேண்டும்; மாநிலம் அனுமதித்தாலும் ஃபெடரல் சட்டத்தில் அது தடைதான்.

பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று, எஃப்டி-258 என்ற கைரேகை அட்டை இரண்டு. ரேகையை மின்கோப்பாக எடுத்துத் தரும் கடைகள் இருக்கின்றன. மையில் நாமே உருட்டினாலும் ஏற்கிறார்கள். என் முதல் விண்ணப்பத்தில் ரேகை தெளிவில்லை என்று திரும்பி வந்தது. குளிர்காலத்தில் விரல் வறண்டு கிடந்தபோது உருட்டியதன் பலன். முந்தைய நாள் கொஞ்சம் கிரீம் தடவிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தின் நகல் ஒன்றை உங்கள் கவுன்ட்டி ஷெரிஃபுக்கோ நகரக் காவல் தலைவருக்கோ தபாலில் அனுப்ப வேண்டும். 2016 ஜூலைக்கு முன் அவர் கையெழுத்துப் போட்டால்தான் விண்ணப்பமே நகரும். இப்போது தகவல் சொன்னால் போதும், அவர் அனுமதி தேவையில்லை.

ஒப்புதல் சில நாட்களிலும் வந்ததுண்டு, மாதங்களும் ஆனதுண்டு. இந்தக் காத்திருக்கும் காலம்தான் கண்ணி. தள்ளுபடி போட்டார்கள் என்று 11.5 அங்குல அப்பரை இப்போதே வாங்கி அலமாரியில் வைப்பவர்கள் உண்டு. மாட்டவில்லையே, என்ன குற்றம்? 1992-ல் உச்ச நீதிமன்றம் தாம்ப்சன்/சென்டர் வழக்கில் இதைத் தொட்டது. உதிரிப்பாகங்களைக் கொண்டு சட்டப்படியான துப்பாக்கியும் செய்ய வழியிருந்தால் அது குற்றமாகாது. எஸ்பிஆர் செய்வதைத் தவிர வேறு உபயோகமே இல்லாத பாகமாக இருந்தால் சிக்கல் என்பது அதன் சாரம். உங்களிடம் பிஸ்டல் ரிசீவர் ஒன்று இருந்திருந்தால் அந்தக் குட்டை அப்பருக்குச் சட்டப்படி ஒரு வேலை இருந்திருக்கும். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு ரைஃபிள். ஒப்புதல் வந்தபின் வாங்குங்கள். தள்ளுபடி மறுபடி வரும்.

ஒப்புதல் வந்ததும் மாட்டுவதற்கு முன் ஒரு வேலை: பொறிப்பு. செய்பவர் நீங்கள் என்பதால் உங்கள் பெயர், ஊர், மாநிலம் ரிசீவரில் பதிய வேண்டும். ஆழம் குறைந்தது 0.003 அங்குலம், வரிசை எண்ணின் உயரம் குறைந்தது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. எண்ணும் மாடலும் ஏற்கெனவே ஆலையில் பதிந்ததே போதும். லேசர் பொறிப்புக் கடையில் கொடுத்தால் முடிந்துவிடும், ஆனால் ஆழத்தைக் கேட்டு உறுதி செய்யுங்கள். மேலோட்டமாகச் சுரண்டுவது கணக்கில் வராது.

மனைவி கேள்விக்கு வருகிறேன். உங்கள் தனிப் பெயரில் பதிந்தால், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அவர் சுடலாம். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அது அவர் வசம் இருக்கக்கூடாது. பெட்டகத்தின் எண் அவருக்குத் தெரிந்திருப்பதே கேள்விக்கு இடம் தரும். இதற்காகத்தான் பலர் ஒரு டிரஸ்ட் எழுதி அதன் பெயரில் பதிகிறார்கள். இருவரும் அறங்காவலர் ஆனால் இருவரும் தனித்தனியே வைத்திருக்கலாம். ஆனால் இருவருக்கும் தனித்தனிப் படம், ரேகை, கேள்வித்தாள் வேண்டும். மனைவி விசாவில் இருக்கிறாரா, கிரீன் கார்டிலா என்று நீங்கள் எழுதவில்லை. மேலே சொன்ன தடை அவருக்கும் பொருந்தும். டிரஸ்ட் பத்திரத்தை இணையத்தில் கிடைக்கும் மாதிரியில் அடிக்காமல் டெக்சாஸ் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுதுங்கள். பெயரைச் சுருக்கமாக வையுங்கள். ரிசீவரில் பொறிக்கப்போவது அந்தப் பெயரைத்தான். "வேங்கடசுப்பிரமணியன் குடும்ப அறக்கட்டளை" என்றால் அந்தச் சின்ன அலுமினியப் பரப்பு போதாது.

ஓக்லஹோமாவில் எஸ்பிஆர் வைத்திருக்கலாம். ஆனாலும் மாநில எல்லையைத் தாண்டும் முன் ஃபார்ம் 5320.20-ல் ஏடிஎஃப்பின் அனுமதி வாங்க வேண்டும். கட்டணம் இல்லை. ஒரே ஊருக்கு அடிக்கடி போவதானால் ஓராண்டுக்குச் சேர்த்துக் கேட்கலாம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, ஹவாய் போன்ற மாநிலங்களில் உங்கள் ஃபெடரல் ஒப்புதல் காப்பாற்றாது. நாளைக்கு வேலை அங்கே மாறினால் இதைக் கொண்டுபோக முடியாது என்பதை இப்போதே மனதில் வையுங்கள். டெக்சாஸுக்குள்ளேயே வீடு மாறினால் அனுமதி வேண்டாம், புது முகவரியைத் தெரிவித்துவிடுங்கள்.

அனுமதி வராமல் ஓக்லஹோமா பயணம் முந்திக்கொண்டால், பழைய 16 அங்குல அப்பரை மாட்டிக்கொண்டு போங்கள். குட்டை அப்பர் வீட்டிலேயே இருக்கட்டும். அந்த நிலையில் அது வெறும் ரைஃபிள்தான். மற்ற நாட்களில் ஒப்புதல் படிவத்தின் நகல் ஒன்று துப்பாக்கிப் பையிலும், ஒரு படம் போனிலும், மூலம் வீட்டுப் பத்திரங்களோடும் இருக்கட்டும்.