விழப்போகிற பல்தானே என்று பிடுங்கிவிடலாமா?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்கு நாலரை வயது. கீழே இரண்டு பக்கமும் கடைவாய்ப்பல்லில் குழி விழுந்து கறுத்துவிட்டது, மேல் முன்பற்களும் ஓரமாகப் பழுப்பேறியிருக்கின்றன. சாப்பிடும்போது வலிக்கிறது என்கிறாள், கொஞ்ச நேரத்தில் விளையாடப் போய்விடுகிறாள். டாக்டர் ரூட் கேனல் செய்து கேப் போட வேண்டும் என்கிறார், மாமியாரோ விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதற்கு இவ்வளவு செலவு என்கிறார். பிடுங்கிவிடலாமா, இல்லை கோயம்புத்தூருக்கே போய்விடுவதா?

பிடுங்க அவசரப்படாதீர்கள். முன்பல்லைப் பற்றி மாமியார் சொல்வது பாதி சரி, அது 6 முதல் 8 வயதுக்குள் விழுந்துவிடும். கடைவாய்ப் பால்பல் அப்படியில்லை, 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியது. உங்கள் மகள் இன்னும் ஆறேழு வருடம் அதில்தான் மென்று சாப்பிட வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. 6 வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய நிரந்தரப் பல் முளைக்கும் (நிறைய பேர் அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், அது கெட்டால் வேறு பல் வராது). முன்னால் பால்பல் இருந்தால் அந்தப் பல் தன் இடத்தில் நிற்கும், அங்கே காலியாக இருந்தால் முன்னோக்கி நகர்ந்து, அடியிலிருந்து வர வேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பிடுங்கியே ஆக வேண்டிய நிலைமை வந்தால்கூட, இடத்தைக் காப்பாற்ற வளையக் கம்பி போட வேண்டுமா என்று கேட்காமல் வராதீர்கள்.

சரி, ரூட் கேனல் தேவையா? பல்லைப் பார்க்காமல், எக்ஸ்ரே பார்க்காமல் நான் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. சாப்பிடும்போது மட்டும் வலித்து, வாய் கொப்பளித்ததும் நின்றுவிட்டால், குழியில் சாப்பாடு சிக்கி அழுத்துவதாக இருக்கலாம், நரம்பு இன்னும் நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. ராத்திரி தூக்கத்தில் எழுந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள் என்றால் பெரும்பாலும் சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது. பால்பல்லின் எனாமல் (வெளி ஓடு) மெல்லியது, உள்ளே நரம்போ பெரியது, அதனால் மேலே சின்னதாகத் தெரிகிற குழிகூட சில மாதத்தில் உள்ளே இறங்கிவிடும்.

நாளைக் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து மகளின் தலையை மடியில் வைத்து, கன்னத்தை விரலால் ஒதுக்கி அந்தப் பல்லின் கீழே ஈறைப் பாருங்கள். கொப்புளம் போல, நடுவில் மஞ்சளாக ஒரு சின்னப் பரு இருக்கிறதா? அது சீழ் வெளியேறுகிற வழி. சீழ் வெளியேறிக்கொண்டே இருப்பதால் வலி இருக்காது, வீட்டில் எல்லோரும் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பார்கள். என்னிடம் தாமதமாக வருகிற குழந்தைகளில் பலர் இப்படி வந்தவர்கள்தான், இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கஷ்டமாக இருக்கும்.

நரம்பு நன்றாக இருந்தால் சொத்தையைச் சுத்தம் செய்து அடைத்தாலே போதும். இரண்டு பற்களுக்கு நடுவில் சொத்தை என்றால் எவர்சில்வர் கேப் நல்லது, சில பற்களுக்கு ஊசியும் வேண்டாம், டிரில்லும் வேண்டாம், சொத்தையை அப்படியே கேப்புக்குள் மூடி ஒட்டிவிடுவோம், கிருமிக்குச் சாப்பாடு கிடைக்காமல் அது அடங்கிப்போகும். கடிக்கும்போது கொஞ்ச நாள் உயரமாகத் தெரியும், தானே பழகிவிடும். நரம்பின் மேல்பகுதி மட்டும் பாதித்திருந்தால் அதை மட்டும் எடுத்து மருந்து வைத்துக் கேப் போடுவோம். முழுவதும் செத்திருந்தால்தான் வேர் வரை சுத்தம் செய்வது, அங்கே வைக்கிற மருந்தும் பால்பல்லின் வேரோடு சேர்ந்து கரையக்கூடியது, பெரியவர்களுக்குச் செய்கிற ரூட் கேனல் மாதிரி இல்லை. உங்கள் டாக்டர் சொன்னது இதில் எது என்று எக்ஸ்ரேயைக் காட்டிக் கேளுங்கள்.

முன்பற்களுக்கு 38 சதவீத சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்று ஒரு சொட்டு மருந்து இருக்கிறது, தடவினால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நிற்கும், 6 மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். ஆனால் சொத்தை இருக்கிற இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். ஒப்புக்கொள்கிறீர்களா என்று முன்கூட்டியே உங்களைக் கேட்க வேண்டும்.

கோவைக்கு உடனே இறங்க வேண்டியதில்லை. ஊட்டி அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே காட்டுங்கள். குழந்தை ஒத்துழைக்கவே மாட்டாள், பல பற்கள் கெட்டிருக்கின்றன, மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் முடிக்க வேண்டும் என்றால் கோவை. அங்கே பல் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. மலை இறங்கி ஏறுகிற சிரமத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் ஒரே நாளில் இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்யப் பார்ப்பார்கள்.

முகம் வீங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள். வீக்கம் கண்ணுக்கோ தாடைக்குக் கீழேயோ பரவினால், காய்ச்சல் வந்தால், விழுங்கச் சிரமப்பட்டால் அன்றே ஆஸ்பத்திரி, ராத்திரியானாலும். ஆன்டிபயாடிக் குடித்து வீக்கம் வடிந்தாலும் பல்லில் காரணம் அப்படியே இருக்கும். கிராம்புத் தைலம் வேண்டாம், குழந்தைகளின் ஈறைப் புண்ணாக்கிவிடும்.

பல்லில் பூச்சி எதுவும் கிடையாது, கிருமி சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகிறது, அவ்வளவுதான். நம் குளிருக்குக் குழந்தைக்கும் நாலு தடவை இனிப்பு டீ, கூடவே வர்க்கி. வர்க்கி நொறுங்கி பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும், அதை மூன்று வேளையாகப் பிரிக்காமல் ஒரே வேளையில் கொடுத்துவிடுங்கள். சளி சிரப்பிலும் சர்க்கரை இருக்கும், ராத்திரி பல் தேய்ப்பதற்கு முன்னால் கொடுங்கள். காலையில் குழாய்த் தண்ணீர் ஜில்லென்று இருப்பதால்தான் பாதிக் குழந்தைகள் பிரஷைக் கண்டாலே ஓடுகிறார்கள், வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். ஃப்ளோரைடு 1000 பிபிஎம் என்று டியூபில் போட்டிருக்கிற பேஸ்ட், பட்டாணி அளவு, நீங்களே தேய்த்துவிட வேண்டும், துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம்.

வீட்டில் அவளுக்குக் கீழே இன்னொரு குழந்தை இருந்தால், மேலுதட்டைத் தூக்கி ஈறு ஓரத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அக்காவைக் கூட்டிப் போகிற அன்றே அந்தக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள், அந்த நிலையில் ஃப்ளோரைடு பூசினாலே பல் திரும்பக் கெட்டியாகும்.