ராஜா குடித்த பேதித் தண்ணீர்

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் செல்டன்ஹாமில் வேலை பார்க்கிறான். அவனுடைய தாத்தா, அதாவது என் அப்பா, வருஷா வருஷம் கர்க்கடக (ஆடி) மாதத்தில் ஆயுர்வேத வைத்தியசாலையில் ஏழு நாள் தங்கி வருவார். "இந்த ஊருக்கும் ஒரு ராஜா வைத்தியத்துக்கு வந்தார், தண்ணீரைக் குடித்தார், அதனால் பைத்தியம் பிடித்தது, தாத்தாவிடம் சொல்" என்று கேலி செய்கிறான். நிஜமா?
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வந்தது நிஜம், புத்தி கலங்கியதும் நிஜம். நடுவில் உங்கள் மகன் போட்ட அந்த 'அதனால்'தான் இடிக்கிறது.

1788 ஜூனில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் கடுமையான வயிற்று வலி. பித்தம் என்றார்கள். வைத்தியர் ஜார்ஜ் பேக்கர் யோசனைப்படி, ஜூலை 12ஆம் தேதி ராணியோடும் மூத்த மகள்கள் மூவரோடும் செல்டன்ஹாமுக்குக் கிளம்பினார். ஐந்து வாரம் தங்கல். கிட்டத்தட்ட நம்ம ஆடி, உங்கள் அப்பா போகும் அதே சீசன்தான்.

அந்தத் தண்ணீரில் என்ன விசேஷம் என்றால், ஊற்றோரம் படிந்த உப்பைப் புறாக்கள் கொத்தித் தின்றதைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள் என்று ஊர்க்கதை, இன்றும் ஊர்ச் சின்னத்தில் புறா உண்டு. சோடியம் சல்பேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும் கலந்த தண்ணீர். இரண்டாவதை உங்களுக்கு நன்றாகவே தெரியும், தென்னை ஓலை மஞ்சளடித்தால் உரக்கடையில் வாங்கி வந்து மரத்தடியில் போடுகிறோமே, அதே வெள்ளை உப்பு. பழைய ஆட்கள் பேதி உப்பு என்பார்கள். ஆக, ராஜா விடிகாலை 6 மணிக்கே ஊற்றுக்குப் போய்க் குடித்தது பேதி மருந்து. எங்கள் வீட்டில் முழுப் பரீட்சை லீவில் விளக்கெண்ணெய். ஒரு கையில் டம்ளர், மறு கையில் சர்க்கரையோடு அம்மா நிற்க, நாங்கள் நான்கு பேரும் தோப்புக்குள் ஓடி ஒளிவோம். மத்தியானம் வெறும் ரசம் சாதம். ராஜாவுக்கு யார் டம்ளர் பிடித்தார்களோ!

என்னைக் கேட்டால், அவருக்கு அங்கே சுகம் கொடுத்தது தண்ணீரைவிட மற்றதெல்லாம்தான். நடை, குதிரைச் சவாரி, மந்திரிகள் தொல்லை இல்லாத பகல். தங்கிய வீடு ரொம்பச் சின்னது, ராணியிடம் வேலை பார்த்த எழுத்தாளர் ஃபேனி பர்னி இட நெருக்கடியைப் பற்றி டைரியில் எழுதி வைத்திருக்கிறார். இளவரசர் யார்க் கோமகன் வந்தபோது படுக்க இடமில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா, ஊரின் இன்னொரு மூலையில் இருந்த மர வீடு ஒன்றை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டார்கள்!

ஆகஸ்ட் 16இல் ஊர் திரும்பினார். அக்டோபரில் மறுபடி வலி, நவம்பரில் ஓயாத பேச்சு, தூக்கமில்லை, புத்தி தடுமாறியது. டிசம்பரில் வந்த பிரான்சிஸ் வில்லிஸ் என்ற வைத்தியர், ராஜா என்றும் பாராமல் கைகால் அசையாதபடி கட்டிப்போட்டார். அடுத்த பிப்ரவரியில் தெளிந்தது. செல்டன்ஹாம் தண்ணீர்தான் காரணம் என்று அப்போதே சிலர் பழி போட்டார்கள். ஆனால் உடம்பு கெட்டது அங்கே போவதற்கு முன்பே, ஜூனில். ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்துத்தான் மறுபடி படுத்தார். 1966இல் போர்ஃபைரியா என்ற பரம்பரை நோய் என்றார்கள். இப்போது பல ஆய்வாளர்கள் அது மனநோய்தான் என்கிறார்கள். இரண்டிலும் தண்ணீர் இல்லை.

கேள்வி: அப்படியானால் அந்தப் பயணத்தால் யாருக்குத்தான் லாபம்?

பதில்: ஊருக்கு. 1801இல் சுமார் 3,000 பேர் இருந்த இடத்தில் 1851இல் 35,000 பேருக்கு மேல். ராஜா குடித்த தண்ணீர் என்றால் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா! ராஜா மட்டும் 1789 கோடையில் வேமத் கடற்கரைக்கு மாறிவிட்டார். அவர் கடலில் முங்கும்போது பாண்டு வாத்தியம் முழங்கியதாம்.

கேள்வி: அப்பாவை இந்த வருஷமும் அனுப்பட்டுமா? வயது 74, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்.

பதில்: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கேட்காமல் அனுப்ப வேண்டாம். அவர் சரி என்றால், மாத்திரைச் சீட்டை வைத்தியசாலையில் சேரும் அன்றே காட்டுங்கள். பேதிக்குக் கொடுக்கும் நாளில் நீர்ச்சத்து இறங்கும், சாப்பாடும் குறையும், அதனால் அன்றைக்கு எந்த மாத்திரையை எவ்வளவு சாப்பிடுவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூட ஒருவர் தங்கட்டும்.