அப்பா விழுந்ததை மறைக்காதீர்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 76. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. கீமோதெரபி தொடங்கும் முன் முதியோர் நல மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே நடக்கவிட்டும் கடிகாரம் வரையச் சொல்லியும் பார்ப்பார்களாம். ஆயுளைக் கணித்து, சிகிச்சையே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ? குளியலறையில் இரண்டு முறை விழுந்ததைச் சொல்லக் கூடாது என்கிறார் அப்பா.
- வாசகி, கும்பகோணம்

பதில்: இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்பாவின் பேச்சைக் கேட்காதீர்கள். அவர் விழுந்த செய்திதான் அந்த மருத்துவருக்கு மிகவும் தேவை.

இந்தப் பரிசோதனை ஆயுளுக்கு நாள் குறிப்பதற்கு அல்ல. கீமோவின்போது என்னென்ன சிக்கல் வரலாம் என்று முன்கூட்டியே அறிவதற்கு. அமெரிக்காவில் மருத்துவர் ஆர்த்தி ஹுரியாவின் குழு, 65 வயதைத் தொட்ட நோயாளிகளை ஆராய்ந்து, 11 அம்சங்கள் கொண்ட கணிப்பு முறையை 2011இல் வெளியிட்டது. வயது, ஹீமோகுளோபின், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றோடு, காது கேட்கிறதா, மாத்திரைகளைத் தானே எடுத்துக்கொள்கிறாரா, கடந்த 6 மாதங்களில் விழுந்தாரா என்பவையும் அதில் உண்டு. 'ஆள் திடமாகத்தான் இருக்கிறார்' என்று மருத்துவர் மேலோட்டமாகப் போடும் மதிப்பெண், கடும் பக்கவிளைவு யாருக்கு வரும் என்பதை அந்த ஆய்வில் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்பா ஏன் விழுந்தார்? இதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை மூன்றையும் இரவில் விழுங்கிவிட்டு, நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுந்து, தலைசுற்றி விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் ரத்த அழுத்தம் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பல சமயம் ஒரு மாத்திரையை நிறுத்தினாலோ நேரத்தை மாற்றினாலோ போதும். அதோடு கால் தசைக்குப் பயிற்சியும் புரதம் கூடிய சாப்பாடும் வேண்டியிருக்கலாம்.

நடைச் சோதனையில், நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் அதிகம். கைத்தடி பிடிப்பவர் அதோடே நடக்கலாம். கடிகாரம் வரையச் சொல்வது நினைவாற்றலை அறிய. அதில் தடுமாறினால், வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பதும், கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப்போவதும் உங்கள் பொறுப்பாகிவிடும்.

சிகிச்சையை மறுத்துவிடுவார்களோ என்ற பயத்துக்கு வருகிறேன். 70 வயதைக் கடந்த, முற்றிய புற்றுநோயாளிகள் 718 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2021இல் வெளியானது. முதியோர் மதிப்பீட்டின் முடிவுகளைப் புற்றுநோய் மருத்துவரிடம் கொடுத்த குழுவில் கடும் பக்கவிளைவு 51 சதவீதம். கொடுக்காத குழுவில் 71. விழுந்தவர்களும் குறைவு. பலருக்கு முதல் சுற்றில் மருந்தின் அளவைக் குறைத்தே தொடங்கினார்கள்; அதனால் ஆயுள் குறையவில்லை. உங்கள் அப்பாவின் நிலை வேறு என்றாலும், மதிப்பீடு எதற்கு உதவும் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

அவருக்கு இன்னொன்றும் உண்டு. பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரும் ஆக்சாலிபிளாட்டின் பாதங்களை மரத்துப்போகச் செய்யும். ஏற்கெனவே விழுபவருக்கு அது ஆபத்து. 70 வயதுக்கு மேல் அதைச் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலனும் குறைவு. ஆகவே அதைத் தவிர்த்து வேறு மருந்து மட்டும் தரலாமா என்று மருத்துவர் யோசிப்பார். அப்பா விழுந்தது தெரிந்தால்தானே யோசிக்க முடியும்?

போகும்போது நாட்டு மருந்து உட்பட வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கண்ணாடி, காது கருவி, கைத்தடி மறக்க வேண்டாம். பகலில் அப்பாவோடு வீட்டில் இருப்பவர் யாரோ, அவரும் கூட வரட்டும்.